நோயுற்ற குதிரையின் ஹார்மோன் அறிக்கை: எதை நம்பலாம், எதைத் தள்ளிப்போடலாம்?

காய்ச்சலில் கிடக்கும் குதிரைக்கு டி4 (தைராய்டு சுரப்பியின் ஹார்மோன்; டி3யும் அப்படித்தான்) குறைவு என்று அறிக்கை வந்ததும் தைராய்டு மருந்தைத் தொடங்கிவிடுவது சகஜமாகிவிட்டது. வளர்ந்த குதிரையில் உண்மையான தைராய்டு குறைபாடு மிக அரிது. கடும் நோயிலும் தீவனம் எடுக்காத நாட்களிலும் டி4, டி3 தாமாகவே இறங்கும். சுரப்பியில் பழுது இருக்காது. வலிக்குக் கொடுக்கும் பினைல்பியூட்டசோனும் டி4 அளவைத் தாழ்த்தும், நிறுத்திய பிறகும் சில நாள் அப்படியே இருக்கும். குதிரை தேறி, மருந்து நின்று, பழையபடி தின்னத் தொடங்கியபின் மறுபடி பார்த்தால் பெரும்பாலும் எண் சரியாகிவிடும்.

—

மன அழுத்த ஹார்மோனான கார்டிசாலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். காலையில் ஏறி மாலையில் தாழ்வது அதன் இயல்பு. வண்டிப் பயணம், புது லாயம், வலி, இதில் எது வந்தாலும் அந்த ஏற்ற இறக்கம் குலைந்துபோகும். ஆகவே ஒரே ஒரு கார்டிசால் அளவை வைத்துக்கொண்டு குஷிங் நோய் (மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் கோளாறு) உண்டு, இல்லை என்று சொல்வது வீண் வேலை.

—

மேலே சொன்னவரோடு உடன்படுகிறேன். குஷிங் சந்தேகத்துக்குப் பார்க்க வேண்டியது பிட்யூட்டரி சுரக்கும் ஏசிடிஹெச் ஹார்மோன். அதுவும் வலியில் ஏறும். லாமினைடிஸ் (குளம்பு அழற்சி) முற்றி, கால் ஊன்ற முடியாமல் நிற்கும் குதிரையிடம் எடுத்த மாதிரியில் எண் கூடுதலாக வந்தால், அது பிட்யூட்டரியின் வேலையா வலியின் வேலையா என்று பிரிக்க முடியாது. முதலில் வலியை அடக்குங்கள். வண்டியில் வந்த குதிரையை இறக்கிக் குறைந்தது 30 நிமிடம் அமைதியாக நிற்க விடுங்கள்.

மாதிரியை ஈடிடிஏ குழாயில் (ரத்தம் கட்டாமல் தடுக்கும் மருந்து உள்ள குழாய்) எடுத்து உடனே குளிரில் வையுங்கள். ஆய்வகத்துக்கு அனுப்புமுன் பிளாஸ்மாவைப் பிரித்துவிட வேண்டும். பிரிக்காத ரத்தத்தை உறைய வைத்தால் செல்கள் உடைந்து மாதிரி கெட்டுவிடும். வடகோளத்தில் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை ஆரோக்கியமான குதிரைக்கும் ஏசிடிஹெச் கூடும் என்பதால், அந்தந்தப் பருவத்துக்குரிய வரம்போடுதான் ஒப்பிட வேண்டும்.

—

இன்சுலினில் இன்னொரு சிக்கல் உண்டு. மன அழுத்தமும் நோயும் கார்டிசாலையும் அட்ரினலினையும் ஏற்றும். அதனால் உடல் இன்சுலினுக்குச் சரியாக இணங்காது, இன்சுலின் எண் கூடுதலாக வரும். அடங்காத குதிரை என்று சைலசின் மயக்க ஊசி போட்டுவிட்டு ரத்தம் எடுத்தால் கதை தலைகீழ்: அந்த மருந்து இன்சுலினைத் தாழ்த்திச் சர்க்கரையை ஏற்றிவிடும். மயக்க ஊசி இல்லாமல் எடுக்க முடியாவிட்டால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். பாகு கொடுத்து இன்சுலின் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கும் வாய்வழிச் சர்க்கரைச் சோதனைக்கு மக்காச்சோளப் பாகு உடல் எடையில் கிலோவுக்கு 0.45 மில்லி, 400 கிலோ குதிரைக்கு 180 மில்லி. 60, 90 நிமிடங்களில் ரத்தம். கடும் நோயில் இந்தச் சோதனையே வேண்டாம்.

—

சினைக் குதிரை வைத்திருப்பவர்களுக்கு. முதல் இரண்டு மாதங்களில் சினையைத் தாங்குவது சினைப்பையில் முட்டை வெளியேறிய இடத்தில் உருவாகும் மஞ்சள் உடல் சுரக்கும் புரோஜெஸ்டிரான். குடல் கெட்டு நச்சு ரத்தத்தில் கலந்தால் புரோஸ்டாகிளாண்டின் சுரந்து மஞ்சள் உடலைச் சிதைக்கும், புரோஜெஸ்டிரான் சரியும், சினை கலையும். மற்ற ஹார்மோன்களைப் போல நோய் தணியட்டும் என்று இங்கே காத்திருக்க முடியாது. அழற்சியை அடக்கும் ஃபுளூனிக்சினும், நாளுக்குக் கிலோவுக்கு 0.044 மில்லிகிராம் ஆல்ட்ரெனோஜெஸ்டும் (புரோஜெஸ்டிரான் போல வேலை செய்யும் மருந்து) தேவையா என்று மருத்துவரிடம் அன்றே கேளுங்கள். ஆல்ட்ரெனோஜெஸ்ட் தோல் வழியாகவும் ஏறும்; கையுறை இல்லாமல் தொடாதீர்கள், கர்ப்பிணிகள் அந்த மருந்தின் பக்கமே போக வேண்டாம்.