ஜி.சி.எஸ்.ஈ. ஆங்கில மொழிப் பரீட்சை: ஆங்கிலம் அதிகம் தெரியாத தாய் வீட்டில் எப்படி உதவலாம்?

செம்பருத்தி (ஹரோ):

அனைவருக்கும் வணக்கம். என் மகன் பதினோராம் ஆண்டில் படிக்கிறான். இங்கிலாந்தில் பதினாறு வயதளவில் எழுதும் ஜி.சி.எஸ்.ஈ. பொதுப் பரீட்சையை வரும் மே மாதம் எழுதவிருக்கிறான். இங்கேயே பிறந்து வளர்ந்தவன் என்பதால் ஆங்கிலம் பேசுவது அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இருந்தும், கணிதத்தில் 7ஆம் தரம் (9 தான் உச்சம்) எடுத்தவனுக்குப் பாடசாலை நடத்திய மாதிரிப் பரீட்சையில் ஆங்கில மொழிக்கு 3 தான் கிடைத்திருக்கிறது. 4 கிடைக்காவிட்டால், அடுத்த ஆண்டு உயர்தர வகுப்புப் பாடங்களுடன் ஆங்கிலத்தையும் மீண்டும் படித்து எழுத வேண்டும் என்று ஆசிரியை சொன்னார்.

நான் யாழ்ப்பாணத்தில் சாதாரண தரம் வரை தமிழில் படித்தவள். எங்கள் காலத்தில் ஆங்கிலக் கட்டுரைகளைப் பாடமாக்கித்தான் பரீட்சைக்குப் போனோம். இவனோ பாடமாக்குவதற்குப் புத்தகமே இல்லை என்கிறான். ஆறு மாதம் ஒரு டியூசன் நிலையத்துக்கு அனுப்பினேன். கிழமைக்கு ஓர் இலக்கணப் பயிற்சித் தாள் கொடுத்தார்களே தவிர, கடந்தகால வினாத்தாள் ஒன்றையேனும் அவர்கள் எடுத்துக் காட்டவில்லை. அவன் எழுதுவதைத் திருத்தும் அளவுக்கு எனக்கு ஆங்கிலம் இல்லை. வீட்டில் நான் செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா?

வடலி:

சகோதரிக்கு வணக்கம். கிழக்கு லண்டனில் உள்ள ஓர் இடைநிலைப் பாடசாலையில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். முதலில், மகன் எந்தப் பரீட்சைச் சபையின் வினாத்தாளை எழுதப்போகிறான் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான பாடசாலைகள் ஏ.கியூ.ஏ. சபையையே தெரிவு செய்கின்றன என்பதால் அதை வைத்தே எழுதுகிறேன்.

இரண்டு வினாத்தாள்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 1 மணி 45 நிமிடமும் 80 புள்ளிகளும். முதலாவதில் 20ஆம் அல்லது 21ஆம் நூற்றாண்டுக் கதை ஒன்றின் பகுதி வரும். இரண்டாவதில் ஒன்றோடொன்று தொடர்புடைய, கதையல்லாத இரு பகுதிகள் வரும். அவற்றில் ஒன்று 19ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டதாக இருக்கும். எல்லாமே மாணவர் முன்பு படித்திராத பகுதிகள். ஆகவே பாடமாக்கப் புத்தகம் இல்லை என்று மகன் சொன்னது முழு உண்மை. இலக்கியப் பரீட்சைக்குத்தான் குறித்த நூல்கள் இருக்கின்றன.

ஒவ்வொரு வினாத்தாளிலும் பாதிப் புள்ளிகள், அதாவது 40, மாணவர் சொந்தமாக எழுதும் ஒரே ஓர் ஆக்கத்துக்கு உரியவை. அதில் 24 பொருளுக்கும் அமைப்புக்கும், மீதி 16 எழுத்துப் பிழை, நிறுத்தக்குறி, வசன அமைப்பு ஆகியவற்றுக்கும். நன்றாகப் பேசும் பிள்ளைகள் பலர் இந்த 16இல்தான் சறுக்குகிறார்கள். பேச்சு எப்படி மூச்சுவிடாமல் ஓடுகிறதோ அப்படியே எழுதுவதால், முற்றுப்புள்ளி வர வேண்டிய இடத்திலெல்லாம் காற்புள்ளி போட்டுக்கொண்டே போவார்கள். இதைப் பிடிக்க நீங்கள் ஆங்கிலத்தில் புலமை பெற்றிருக்க வேண்டியதில்லை. அவன் எழுதியதை அவனையே உரக்க வாசிக்கச் சொல்லுங்கள், குரல் இறங்கி நிற்கிற இடத்தில் "இங்கே புள்ளி இருக்கிறதா?" என்று மட்டும் கேளுங்கள். இரண்டாம் பக்கம் வருவதற்குள் அவனே பேனாவை எடுத்துவிடுவான்.

கடந்தகால வினாத்தாள்களும், புள்ளி வழங்கும் முறையும், பரீட்சகர்களின் அறிக்கைகளும் சபையின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. டியூசன் நிலையத்துக்குக் கொடுத்த பணத்தை நினைக்க எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நெய்தல்:

அக்கா, என் மகளுக்கும் இதே நிலைதான் இருந்தது. அவளுடைய பிரச்சினை வாசிப்புப் பகுதியில். எழுத்தாளர் ஒன்றை எப்படிச் சொல்லியிருக்கிறார் என்று கேட்டால், கதையில் என்ன நடந்தது என்று எழுதிவிட்டு வந்துவிடுவாள். ஒரு நாள் நான் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தபோது, பயிற்சிப் பகுதியிலிருந்து ஒரு வசனத்தை வாசித்துத் தமிழில் சொல்லச் சொன்னேன். "காற்று யன்னலைப் பிறாண்டியது" என்றாள். காற்று அடித்தது என்று சொல்லாமல் ஏன் பிறாண்டியது என்று சொல்கிறார் என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "பூனைதானே பிறாண்டும், அம்மா? உள்ளே வரப் பார்க்கிற ஏதோ ஒன்று வெளியே நிற்கிற மாதிரிப் பயமாக இருக்கிறது" என்றாள். சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் எழுது என்றேன். ஆசிரியர் அந்த விடைக்குப் பக்கத்தில் இரண்டு சரி போட்டிருந்தார்.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு பந்தி, ஒரு சொல், ஒரு "ஏன்" என்று வைத்துக்கொண்டோம். பேச்சு முழுவதும் தமிழில்தான் நடந்தது. தமிழில் பேசினால் பிள்ளையின் ஆங்கிலம் கெட்டுவிடும் என்று எங்களில் பலர் அஞ்சுகிறோம். எங்கள் வீட்டில் அந்தத் தமிழ்ப் பேச்சுதான் அவளுக்கு விடை எழுதக் கற்றுக்கொடுத்தது.

இலுப்பை:

நான் முதல் தடவை 3 எடுத்து, நவம்பரில் மீண்டும் எழுதி 5 எடுத்தவன். எனக்கு ஆங்கிலம் வராமல் போகவில்லை, நேரம்தான் போதவில்லை. 8 புள்ளி வினாவுக்கு இரண்டு பக்கம் எழுதிவிட்டு, 40 புள்ளி ஆக்கத்துக்குப் பதினைந்து நிமிடம் மட்டுமே மிச்சம் வைத்தேன். வாசிக்க 15 நிமிடமும் ஆக்கத்துக்கு 45 நிமிடமும் ஒதுக்கும்படி வினாத்தாளிலேயே அச்சிட்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. மறுமுறை எழுதுவதற்கு முன் என் அப்பா சனிக்கிழமைதோறும் சமையலறை மணிக்கூட்டை மேசையில் வைத்துவிட்டு, நான் எழுதி முடிக்கும் வரை எதிரில் அமர்ந்திருந்தார். அவருக்கும் ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது. கைப்பேசியை மட்டும் வேறு அறையில் வைத்துவிடுவார்.

செம்பருத்தி (ஹரோ):

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பாடசாலையில் விசாரித்தேன், ஏ.கியூ.ஏ. தான். நேற்றிரவு அவன் எழுதிய ஒரு பக்கத்தை உரக்க வாசிக்கச் சொன்னேன். முதலில் சலித்துக்கொண்டான். மூன்றாவது வரியில் மூச்சு வாங்கி நின்றவன், நான் வாய் திறப்பதற்கு முன்பே, "சரி, சரி, இங்கே புள்ளி வேண்டும்" என்று சொல்லித் திருத்தினான். அந்த ஒரு பக்கத்தில் மட்டும் ஏழு இடங்கள் இருந்தன. இந்தச் சனிக்கிழமை காலையில் மணிக்கூட்டோடு முதலாம் வினாத்தாளைத் தொடங்குகிறோம்.