விளக்கு வெளிச்சமா, வெத்தலைப் பெட்டியா: கண்ணைக் கெடுப்பது எது?

பசுண்டாங்காரன் (ரங்கூன்):
நேற்று எங்கள் வீட்டில் நடந்த சண்டையை இங்கே கொண்டுவந்து போடுகிறேன். மகள் மெட்ரிக் பரீட்சைக்குப் படிக்கிறாள். கரண்ட் போனால் சார்ஜ் விளக்குதான். என் மாமனார் பார்த்துவிட்டு, "இந்த மங்கல் வெளிச்சத்துல படிச்சா முப்பது வயசுல கண்ணு போயிடும்" என்று ஆரம்பித்தார். பிள்ளை பயந்து புத்தகத்தை மூடிவிட்டாள். இதைச் சொன்னபோது அவர் ஆள்காட்டி விரலில் சுண்ணாம்பு. அதே கையின் புறத்தால் கண்ணோரத்தைத் தேய்த்துக்கொண்டேதான் சொன்னார்!

என் கட்சி இது: மங்கல் வெளிச்சத்தில் படித்தால் கண் களைக்கும், தலை வலிக்கும். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும். பார்வை போகாது. மறுப்பவர்கள் வரலாம்.

மோல்மேன் மாமா:
மறுக்கிறேன் தம்பி. மாமனார் மேல் உள்ள கோபத்தில் விளக்குக்கு வக்காலத்து வாங்காதே. "நாங்கள் மண்ணெண்ணெய் விளக்கில் படித்தோம், கண் நன்றாகத்தானே இருக்கிறது" என்று என் வயசுக்காரர்கள் சொல்வது சுத்தப் பொய். நாங்கள் எங்கே படித்தோம்? ஏழு மணிக்குப் படுத்துவிடுவோம். பகலெல்லாம் வயல், ஆறு. எங்கள் தெருவில் சின்ன வயதில் கண்ணாடி போட்டவர் அரிசி ஆலைக் கணக்கப்பிள்ளை ஒருவர்தான், அவர் ராத்திரியில் பேரேடு எழுதுகிறவர். இப்போது என் பேரன் வகுப்பில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணாடி. இருட்டில் புத்தகம், இருட்டில் போன். வேறு என்ன காரணம் சொல்லப் போகிறாய்?

கண்ணாடிக்கடை அக்கா:
பதினெட்டு வருடமாகக் கண்ணாடிக் கடையில் நிற்கிறவள் சொல்கிறேன். மாமா, காரணத்தை நீங்களே எழுதிவிட்டு வேறு பக்கம் கை காட்டுகிறீர்கள். "பகலெல்லாம் வயல், ஆறு" என்றீர்களே, அதுதான்.

சிட்னியிலும் சிங்கப்பூரிலும் ஆறேழு வயதுச் சீனப் பிள்ளைகளை ஒப்பிட்டு 2008-இல் ஓர் ஆய்வு வந்தது. சிங்கப்பூரில் நூற்றுக்கு 29 பேருக்குக் கிட்டப்பார்வை. சிட்னியில் 3 பேருக்குத்தான். பெற்றவர்களின் கண் இரண்டு ஊரிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி. அதிகம் புத்தகம் படித்தது எந்த ஊர்ப் பிள்ளைகள் தெரியுமா? சிட்னிப் பிள்ளைகள்! ஆனால் அவர்கள் வாரத்துக்குப் பதினான்கு மணி நேரம்போல வெளியில் இருந்தார்கள், சிங்கப்பூர்ப் பிள்ளைகள் மூன்று மணி நேரம். அப்புறம் சீனாவில் குவாங்சோ பள்ளிகளில் தினமும் 40 நிமிடம் பிள்ளைகளைக் கூடுதலாக வெளியே விட்டுப் பார்த்தார்கள். மூன்று வருடத்தில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தது நூற்றுக்கு 30 பேருக்கு, அப்படி விடாத பள்ளிகளில் 39 பேருக்கு மேல். மரத்தடி நிழலில்கூட வீட்டு விளக்கைவிடப் பல மடங்கு வெளிச்சம் இருக்கிறது. கண்ணின் பாப்பா சுருங்கிச் சமாளித்துவிடுவதால் நமக்கு அது தெரிவதில்லை.

தம்பி, நீங்களும் முழுசாகத் தப்பிக்க முடியாது. மணிக்கணக்காகக் கிட்டத்திலேயே பார்ப்பதும் கிட்டப்பார்வைக்குத் துணைபோகும். மகள் புத்தகத்தை மூக்கில் ஒட்டிக்கொள்ளாமல் ஒரு முழம் தள்ளி வைத்துப் படிக்கட்டும். இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை ஜன்னலுக்கு வந்து தூரத்தில் ஏதாவது ஒரு பகோடாவை, அந்தப் புத்தர் கோவில் கோபுரத்தைப் பார்க்கட்டும்.

பசுண்டாங்காரன்:
போனுக்கு நீல வெளிச்சத்தைத் தடுக்கும் கண்ணாடி விற்கிறார்களே அக்கா, வாங்கிக் கொடுக்கலாமா?

கண்ணாடிக்கடை அக்கா:
நானும்தான் விற்கிறேன். முதலாளி இந்தக் குழுவில் இல்லை என்ற தைரியத்தில் சொல்கிறேன், காசை மிச்சம் பிடியுங்கள். 17 சோதனைகளை ஒன்றாக வைத்துப் பார்த்த ஓர் அலசல் 2023-இல் வந்தது. சாதாரணக் கண்ணாடியைவிட அது கண் களைப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை. போன் பார்க்கும்போது நாம் இமைக்க மறந்துவிடுகிறோம், கண் காய்ந்துபோய் எரிகிறது. அதற்கு இமைத்தால் போதும்.

மோல்மேன் மாமா:
சரி தாயி, வெயிலில் விடு என்கிறாய். என் இடது கண்ணைக் கேள். மூக்குப் பக்கத்திலிருந்து சதை வளர்ந்து கருவிழி மேல் ஏறி, கடைசியில் அறுத்து எடுத்தார்கள். முப்பது வருடம் ஆற்றில் படகோட்டியவன் நான். "வெயிலும் காற்றும் தூசியும்தான் காரணம்" என்று டாக்டரே சொன்னார். எனக்கு விஷமாக இருந்த வெயில் பேரனுக்கு மருந்தாகிவிடுமா?

கண்ணாடிக்கடை அக்கா:
நல்ல இடத்தில் பிடித்தீர்கள் மாமா, இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். தண்ணீரில் பட்டுத் திரும்புகிற வெயில் இன்னும் மோசம். கண்புரைக்கும் வெயிலுக்கும்கூடத் தொடர்பு உண்டு. பிள்ளைக்கு வேண்டியது வெளிச்சம், உச்சி வெயில் இல்லை. காலையிலும் சாயங்காலமும் விளையாடட்டும், தலையில் மூங்கில் தொப்பி இருக்கட்டும். மரப்பட்டையை அரைத்துப் பூசும் தனாக்கா கன்னத்துக்குச் சரி, கண்ணுக்குள் பூச முடியாதே!

தாட்டோன் தங்கை:
இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். விளக்கைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்கள், பசுண்டாங் அண்ணன் முதல் பத்தியில் எழுதிய சுண்ணாம்பை ஒருவரும் எடுக்கவில்லை.

என் அக்கா மகனுக்கு அப்போது மூன்று வயது. பாட்டியின் வெத்தலைப் பெட்டி தரையில் இருந்தது. பாலித்தீனில் கட்டி ரப்பர் போட்ட சுண்ணாம்புப் பொட்டலத்தை எடுத்து இரண்டு கையாலும் அழுத்தினான். பட்டென்று வெடித்து வலது கண் முழுக்க வெள்ளை. பாட்டி தாய்ப்பால் விடச் சொன்னார். பக்கத்து வீட்டில் விளக்கெண்ணெய் கொண்டுவந்தார்கள். தண்ணீர் ஊற்றினால் சுண்ணாம்பு கொதிக்கும் என்று ஒருவர் தடுத்தே விட்டார். ஆஸ்பத்திரி போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. இமையைப் புரட்டிப் பார்த்தபோது உள்ளே இன்னும் துணுக்குகள் ஒட்டியிருந்தன. இன்று அவனுக்கு ஒன்பது வயது. அந்தக் கருவிழி பாலாடை படிந்த மாதிரி இருக்கிறது. வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது.

சுண்ணாம்பு காரம். பட்ட இடத்தில் நிற்காது, உள்ளே இறங்கிக்கொண்டே போகும். அந்த நிமிடமே குழாயடியில் இமையைப் பிரித்துப் பிடித்து, பிள்ளை கத்தினாலும் விடாமல் அரை மணி நேரம் தண்ணீர் ஊற்றியிருக்க வேண்டும். அதற்கப்புறம்தான் வண்டி தேடுவது. இதை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

மோல்மேன் மாமா:
படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டேன் அம்மா. ஆனாலும் வெத்தலை மேல் பழி போட மாட்டேன். கல்யாணம், கோவில், துக்கம், எதில் வெத்தலை இல்லை? குற்றம் பெட்டியைத் தரையில் வைத்தது. இப்படியே போனால் நாளைக்குக் கண்மையையும் தப்பு என்பீர்கள்.

தாட்டோன் தங்கை:
என்பேன் மாமா. கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வையுங்கள், யார் வேண்டாம் என்றார்கள்? பிறந்த பிள்ளையின் இமைக்குள் விரலை விட்டு மை தீட்டுவது எதற்கு? கடையில் விற்கும் சுர்மா மை சிலவற்றில் ஈயம் இருக்கிறது. வீட்டு மையில் ஈயம் இல்லாவிட்டாலும் விரல் நக அழுக்கு இருக்கிறதே.

மோல்மேன் மாமா:
என் அம்மா எட்டுப் பிள்ளைக்குத் தீட்டினாள், எட்டும் கண்ணோடுதான் இருந்தோம். இதில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பசுண்டாங்காரன்:
நானும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இவ்வளவு நாள் சொல்லாமல் இருந்தேன். போன வருடம் கண் சிவந்தபோது மருந்துக் கடையில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கினேன். இரண்டே நாளில் கண் வெளுத்துவிட்டது. அப்புறம் தூசி பட்டால், தூக்கம் கெட்டால், எதற்கெடுத்தாலும் அதே மருந்து. எட்டு மாதம்! கண்ணாடி மாற்றப் போன இடத்தில் கண் அழுத்தம் ஏறியிருப்பதாகச் சொன்னார்கள். அதில் இருந்தது டெக்ஸாமெத்தசோன், ஸ்டீராய்டு. நிறுத்தியதும் அழுத்தம் இறங்கியது. ஆனால் நரம்பில் பட்ட அடி பட்டதுதானாம். ஓரப் பார்வையில் கொஞ்சம் போய்விட்டது. போகும்போது வலிக்கவே இல்லை.

மாமனாரைப் பார்த்துச் சிரித்தவன் சட்டைப் பையில் இதுதான் இருந்தது.

கண்ணாடிக்கடை அக்கா:
கடையில் மாதம் ஒருவராவது இப்படி வருகிறார்கள். எல்லாருக்கும் அழுத்தம் ஏறாது, யாருக்கு ஏறும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. கண்புரையும் சீக்கிரம் வரலாம். கண்ணை உடனே வெளுக்கவைக்கும் மருந்து எதுவானாலும் டாக்டரிடம் கேட்காமல் தொடராதீர்கள். டாக்டரே கொடுத்த ஸ்டீராய்டு என்றால் நீங்களாக நிறுத்தவும் கூடாது.

மோல்மேன் மாமா:
தம்பி, அந்த மருந்தின் பேரை ஒருதரம் எழுத்துக்கூட்டிச் சொல்லு. சதை அறுத்தபோது கொடுத்த பாட்டில் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. காலி ஆனதும் அதே மாதிரி வாங்கி வாங்கி விடுகிறேன். எழுத்து ரொம்பப் பொடி. கரண்ட் வரட்டும், பேரனைப் படிக்கச் சொல்லிப் பார்க்கிறேன்.

கண்ணாடிக்கடை அக்கா:
கரண்ட் வரும்வரை எதற்கு மாமா? போன் வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து இங்கேயே போடுங்கள். இப்போதே.