தீவில் சம்பளம், தீவில் செலவு: மிச்சம் எங்கே போகிறது? அனுபவப்பட்டவர்கள் எழுதுங்கள்

கொத்தமங்கலத்தான்:
மாலத்தீவின் தலைநகர் மாலேயில் கணக்கு எழுதும் வேலை. சம்பளம் அந்த நாட்டு ருஃபியாவில், வாடகை அமெரிக்க டாலரில். அங்கே இருந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு வரி: 2011 முதல் ஒரு டாலருக்கு 15.42 ருஃபியா என்பதுதான் அரசாங்க விலை. அந்த விலையில் வங்கியில் கிடைப்பது சொற்பம். மீதியைக் கடைத்தெருவில் கூடுதல் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். ருஃபியாவை மூட்டை கட்டித் திருச்சிக்குக் கொண்டுவந்தாலும் மாற்றித் தர ஆள் கிடையாது.

வாடகை நாள். வீட்டுக்காரர் மாடிப்படியில் உட்கார்ந்து ஒவ்வொரு நோட்டாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார். ஒரு நூறு டாலர் நோட்டின் மூலையில் நீல மையில் சின்னதாக ஒரு பேனாக் கோடு. "இது வேண்டாம், வேறு கொடு" என்றார். காலையில்தான் கூடுதல் விலை கொடுத்து வாங்கிய நோட்டு. கொடுத்தவனிடமே ஓடினேன். அவனும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கோடு போட்ட நோட்டா? பத்து டாலர் குறைத்துக்கொண்டு வாங்குகிறேன்" என்றான். நீ கொடுத்ததுதானே ஐயா இது என்றால், "நான் கொடுக்கும்போது கோடு இல்லை" என்று முகத்தைப் பார்த்துச் சொல்கிறான்! வாடகை, மின்சாரம், தண்ணீர், எல்லாம் கொடுத்தேன். ஒன்றும் உறைக்கவில்லை. அந்தப் பத்து டாலர்தான் இன்னும் உறுத்துகிறது. உங்களுக்கும் இப்படி ஏதாவது உண்டா?

கல்லல்காரி:
உங்களுக்காவது சூரை மீன் மலிவு. சிங்கப்பூரில் வீடு தேடும்போது தரகர் கேட்ட முதல் கேள்வி, "சமைப்பீர்களா?" என்பதுதான். எத்தனை பேர், என்ன வேலை என்பதெல்லாம் அதற்குப் பிறகு. "லேசான சமையல் மட்டும்" என்று ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். லேசான சமையல் என்றால் முட்டை அவிப்பது, நூடுல்ஸ் கொதிக்க வைப்பது. நமக்கோ தாளிக்காமல் ஒரு வேளை ஓடாது.

இரண்டு ஆண்டு ஒப்பந்தம், இரண்டு மாத வாடகை முன்பணம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை குளிர்சாதனப் பெட்டியைச் சுத்தம் செய்து ரசீது வைக்க வேண்டும், அதுவும் நம் செலவு. எல்லாம் செய்தேன். காலி செய்யும் அன்று வீட்டுக்காரப் பெண்மணி கைப்பையிலிருந்து ஒரு வெள்ளைக் காகிதத் துணியை எடுத்தார். அடுப்புக்கு மேலே உள்ள புகைபோக்கியின் உள்பக்கத்தை ஒரே இழுப்பாகத் துடைத்து என் கண்முன்னே நீட்டினார். மஞ்சள். நல்ல விரலி மஞ்சள். அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடி, தேதி எழுதி, தடயம் சேகரிப்பதுபோல எடுத்துப் போனார். முன்பணத்தில் பெரும்பகுதி அந்த உறையோடு போய்விட்டது.

2011-ல் இதே ஊரில், பக்கத்து வீட்டுக்காரர்கள் குழம்பு வாசனையைப் பற்றிப் புகார் செய்தார்கள் என்ற செய்திக்குப் பதிலடியாக, ஊரே ஒரு ஞாயிற்றுக்கிழமை குழம்பு வைத்துப் பகிர்ந்துகொண்டது. நான் போனபோது அந்தக் குழம்புச் சட்டி ஆறிப்போயிருந்தது போலும்.

பள்ளத்தூர்ப் பெரியவர்:
இரண்டு பேர் எழுதியதையும் படித்தேன். நானும் மலேசியாவில் பினாங்குத் தீவில் சில காலம் இருந்தவன்தான். ஒரு தைப்பூசத்தன்று வெள்ளி ரதத்துக்குப் பின்னால் நடந்தபோது செருப்பு தொலைந்தது. புதுச் செருப்பின் விலையைக் கேட்டுவிட்டு வெறுங்காலோடு வீடு வந்தேன். அவ்வளவுதான் என் அனுபவம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஐயா காலத்தில் கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன நகரத்தார் யாரும் வாடகையைப் பற்றி அழுதது கிடையாது. சிங்கப்பூர் மார்க்கெட் தெருக் கிட்டங்கியில், அதாவது கடையும் தங்குமிடமும் ஒன்றான கூடத்தில், ஒரு பெட்டி, ஒரு பாய், ஒரு கைப்பெட்டி மேசை. பகலில் அதுவே கடை, இரவில் அதுவே படுக்கை. பொதுச் சமையல். எடுபிடியான பெட்டியடிப் பையனாகப் போய், உதவியாளரான அடுத்தாளாகி, கடைப் பொறுப்பாளரான மேலாளாகித் திரும்புகிற வரை சம்பளச் சீட்டில் எழுதியதுதான் கணக்கு. அதில் கோயிலுக்கும் தருமத்துக்குமான மகமையும் எடுத்து வைத்தார்கள். நீங்கள் என்ன செய்கிறீர்கள்? போய் இறங்கிய மாதமே தனி வீடு, தனிக் குளியலறை. முதலில் வரவு செலவை ஒரு நோட்டில் எழுதுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை ஐந்தொகை, அதாவது இருப்பு நிலைக் கணக்கு, போடுங்கள். ஊருக்கு வரும்போது வரமிளகாய், மல்லி, மாவற்றல், கூழ்வடகம் எல்லாம் காயவைத்துக் கட்டிக்கொண்டு போங்கள். அங்கே போய் ஒரு கொத்துக் கறிவேப்பிலைக்குக் காசு கொடுப்பது பாவம். மாலேக்குப் போகிறவர் சாராயமும் பன்றி இறைச்சியும் கொண்டு போகக்கூடாது, அது நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன். டாலர் வாங்கும்போது நோட்டை அங்கேயே பரிசோதித்து வாங்க வேண்டும். அறையை நான்கு பேராகப் பகிர்ந்தால் செலவு கால்வாசி. இதெல்லாம் யாரும் சொல்லித் தருவதில்லை.

கல்லல்காரி:
பெரியவருக்கு வணக்கம். கிட்டங்கியில் பெண்கள் யாராவது பாய் போட்டுப் படுத்தார்களா? அவர்கள் மனைவிமாரான ஆச்சிமார் எல்லாரும் ஊரிலேயே இருந்தார்கள். வீடு, பிள்ளைகள், மாமியார், விசேஷம், பங்காளி வழக்கு அத்தனையும் அவர்கள் தலையில். அவர்களுக்கு யார் சம்பளச் சீட்டு எழுதினார்கள்? உங்கள் ஐயாவின் ஐந்தொகையில் அந்தப் பற்று ஏறவில்லை, அதனால்தான் வரவு அத்தனை அழகாகத் தெரிகிறது. கணவன், மனைவி, குழந்தை மூவரும் சேர்ந்து ஒரு தீவில் இருந்தால் செலவு எப்படி ஆகும் என்பதுதான் இங்கே கேள்வி. நான்கு பேர் அறையில் என் மகளை எங்கே படுக்க வைப்பது?

பாயான் லெப்பாஸ் பொறியாளர்:
நான் இருப்பதும் பினாங்கில்தான், அதனால் எனக்கும் எழுதத் தோன்றியது. இங்கே வாழ்க்கை மலிவுதான், மறுக்கவில்லை. பெருநிலத்தோடு இணைக்கும் பாலத்தில்கூடத் தீவுக்குள் வரும்போது மட்டும்தான் சுங்கம், திரும்பிப் போகும்போது கிடையாது.

ஆனால் 2025 செப்டம்பர் 30 முதல் மானியப் பெட்ரோல் மலேசியக் குடிமக்களுக்கு மட்டும் என்றாகிவிட்டது. அடையாள அட்டையைச் செருகினால் லிட்டர் 1.99 ரிங்கிட். என்னைப் போன்றவர்களுக்குத் தொடக்கத்தில் 2.60. அதற்கு முன்பு எல்லாருக்கும் 2.05. நியாயம்தான், அவர்கள் நாட்டுப் பணம்.

அந்த முதல் வாரம் பங்க்கில் நிற்கிறேன். எனக்குப் பின்னால் பழைய மோட்டார் சைக்கிளில் ஒரு தமிழர், வயது எழுபதுக்கு மேல் இருக்கும். நான் கடன் அட்டையை எடுப்பதைப் பார்த்துவிட்டு, "ஊரிலிருந்து வந்த பிள்ளையா? எந்த ஊர்?" என்றார். காரைக்குடிப் பக்கம் என்றேன். "எங்க அம்மாவுக்குத் தேவகோட்டைதான்" என்று சட்டைப் பையிலிருந்து தன் அட்டையை எடுத்து நீட்டிவிட்டார். "மாதம் 300 லிட்டர் கொடுக்கிறான். இந்த வண்டிக்கு எதற்கு அவ்வளவு? நீ போட்டுக்கொள்." சட்டப்படி அது கூடாது. வேண்டாம் என்றேன். அவர் இரண்டாம் முறையும் நீட்டினார். பணியாள் எங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறான். நான் கொஞ்சம் வேகமாகவே மறுத்துவிட்டேன். அட்டையை மெதுவாகப் பைக்குள் வைத்துக்கொண்டு, "சரி தம்பி, நீ வெளியூர்தானே" என்றார். லிட்டருக்கு அறுபத்தொரு சென் கூடுதலாகக் கொடுத்ததைவிட அந்த வார்த்தை அதிகம் வலித்தது.

பள்ளத்தூர்ப் பெரியவர்:
மறுத்தது சரி. பிறத்தியாரின் அட்டையைப் பயன்படுத்தினால் விசாவுக்கே ஆபத்து. ஆனால் வண்டியே எதற்கு என்பது என் கேள்வி. தொழிற்சாலைப் பஸ் இருக்கும், அல்லது தொழிற்சாலைக்கு நடக்கும் தூரத்தில் அறை எடுக்க வேண்டும். நடந்தால் உடம்புக்கும் நல்லது. சர்க்கரை வரும் வாய்ப்பும் குறையும்.

வெள்ளவத்தையில் இருந்தவன்:
பெரியவரே, கொஞ்சம் மற்றவர்களையும் பேச விடுங்கள்.

எல்லாரும் செலவு கூடியதைச் சொல்கிறீர்கள். எனக்குக் குறைந்தது. 2022-ல் கொழும்பில் இருந்தேன், சம்பளம் டாலரில். மார்ச்சில் 200 ரூபாய் அளவில் இருந்த டாலர் மே மாதத்துக்குள் 360 அளவுக்குப் போனது. வாடகை ஒப்பந்தம் இலங்கை ரூபாயில். கணக்குப் பார்த்தால் என் வாடகை கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டது. நான் ஒன்றும் செய்யவில்லை, சும்மா இருந்தேன், பணக்காரனாகிவிட்டேன்.

கீழ் வீட்டில் இருந்த வீட்டுக்கார அம்மா ஒரு மாலை, மின்வெட்டு நேரத்தில், மெழுகுவத்தியோடு மேலே வந்தார். கையில் தேநீர். "பால்மா கிடைக்கவில்லை, பிளேன் டீதான்" என்றார். அவர் வீட்டில் எரிவாயு தீர்ந்து விறகு வாங்கிப் பின்கட்டில் சமைத்துக்கொண்டிருந்த காலம் அது. கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினார். பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டே, "அடுத்த மாதத்திலிருந்து டாலராகத் தர இயலுமா?" என்று கேட்டார். என் சம்பளத்தில் பிடித்து அலுவலகம்தான் வாடகை கட்டுகிறது, ஒப்பந்தத்தில் ரூபாய் என்று இருக்கிறது, கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். கேட்டேன். முடியாது என்று ஒரு வரியில் பதில் வந்தது. அதை அவரிடம் சொன்னபோது, "பரவாயில்லை, தேநீர்க் கோப்பையைக் கொடுங்கள்" என்றார். மலிவாக வாழ்வதில் இப்படி ஒரு தினுசும் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

கொத்தமங்கலத்தான்:
அந்த அம்மாவின் பக்கத்திலிருந்து பார்த்தால் என் மாலே வீட்டுக்காரர் டாலர் கேட்டதும் நியாயமாகத்தான் தெரிகிறது. அரிசி, வெங்காயம், மருந்து எல்லாம் கப்பலில் வர வேண்டிய ஊர். குடிக்கிற தண்ணீரே கடல்நீரைச் சுத்திகரித்துத்தான் வருகிறது. 2014 டிசம்பரில் அந்தச் சுத்திகரிப்பு நிலையத்தில் தீப்பிடித்தபோது இந்தியாவிலிருந்து விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் போனது. ஆனால் அந்த நோட்டுக்காரனை மட்டும் மன்னிக்க மாட்டேன்.

கானாடுகாத்தான் மூன்றாம் பங்கு:
நான் மொரீஷியஸில் இருக்கிறேன். நோட்டில் தமிழ் எழுத்து அச்சடித்த ஊர். 1998-ல் நோட்டின் மொழி வரிசையில் தமிழை ஓர் இடம் கீழே தள்ளி அச்சடித்து, நம்மவர்கள் கொதித்தெழுந்து, அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றார்கள் என்று இங்கே பெருமையாகச் சொல்வார்கள். செலவு சமாளிக்கக்கூடியது. ஒரு சம்பளத்தில் மிச்சமும் பிடிக்க முடியும். ஆனால் மிச்சம் மிச்சமாக இருப்பதில்லை.

போர்ட் லூயிஸ் சந்தையில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருக்கிறேன், கைப்பேசியில் ஒரு படம் வருகிறது. பங்காளி அனுப்பியது. முதலில் என்னவென்றே விளங்கவில்லை. கறுப்பு நடுவே ஒரு துண்டு நீலம். பெரிதாக்கிப் பார்த்தால், ஊரில் பங்காளிகளுக்குப் பொதுவான எங்கள் வளவு வீட்டின் இரண்டாம் கட்டுக் கூரை. ஓடு சரிந்து வானம் தெரிகிறது. கீழே ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் மழைத் தண்ணீர் தேங்கி நிற்கிறது. அதன்கீழே ஒரு வரி: "உங்கள் பங்கு இவ்வளவு, கார்த்திகைக்குள் அனுப்பவும்." அந்த வீட்டில் இப்போது குடியிருப்பது ஒரு காவல்காரர் மட்டும். தொகையைப் பார்த்துவிட்டுக் கத்தரிக்காயை வைத்துவிட்டேன். கடைக்காரப் பெண் என்ன நினைத்தாரோ, விலையைத் தானாகவே குறைத்தார்.

தீவில் வாழும் செலவு என்று தலைப்பு வைத்திருக்கிறீர்கள். என் செலவுப் பட்டியலில் முதல் வரி தீவில் இல்லை.

பள்ளத்தூர்ப் பெரியவர்:
ஓடு விஷயத்தில் அவசரப்பட்டுக் காங்கிரீட் போட்டுவிடாதீர்கள். சீமை ஓடும் வேண்டாம், சூடு இறங்கும். நாட்டு ஓட்டையே வரிசை வரிசையாக மேலே மேலே அடுக்க வேண்டும், அதற்குத் தெரிந்த ஆள் வேண்டும். முதலில் கீழே இருக்கிற மரச்சட்டத்தைக் கரையான் அரித்திருக்கிறதா என்று தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். இடித்த வீடுகளிலிருந்து எடுத்த பழைய ஓடு கிடைத்தால் புதியதைவிட அது மேல். குரங்குத் தொல்லை இருக்கிறதா?

கானாடுகாத்தான் மூன்றாம் பங்கு:
இருக்கிறது ஐயா. ஓட்டைச் சரித்ததே அவைதான் என்று காவல்காரர் சொல்கிறார். பள்ளத்தூர்ப் பக்கம் உங்களுக்குத் தெரிந்த ஆள் இருந்தால், ஒரு நாள் கூலி எவ்வளவு என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். பங்காளி சொல்லும் தொகை எனக்குக் கொஞ்சம் அதிகமாகப் படுகிறது.