எங்கள் சட்டமன்ற உறுப்பினர் பேரவையில் எப்படி வாக்களித்தார் என்பதை எங்கே பார்ப்பது?

கோத்தகிரி தேயிலை விவசாயி:

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரி வட்டத்தில் சிறிய அளவில் தேயிலை விவசாயம் செய்து வருகிறேன். எங்கள் ஊர் நூலகத்தின் வாசகர் வட்டம் சார்பில் ஒரு கையேடு போடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். குன்னூர் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர்களாக இருந்தவர்கள் எந்தச் சட்டங்களை ஆதரித்தார்கள், எவற்றை எதிர்த்தார்கள், பொதுவில் எடுத்த நிலைப்பாட்டுக்கும் அவையில் அளித்த வாக்குக்கும் பொருத்தம் இருந்ததா, தொகுதிக்காக என்னென்ன கேட்டுப் பெற்றார்கள் என்பதையெல்லாம் கட்சி சார்பில்லாமல் தொகுத்து, ஊர் மக்கள் கையில் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம்.

ஊரில் எங்கள் கண்ணுக்குத் தெரியும் ஒரே ஆதாரம், சாலை வளைவில் இருக்கும் பேருந்து நிழற்குடைதான். உறுப்பினரின் பெயர், தொகுதி மேம்பாட்டு நிதி, நிதியாண்டு, மதிப்பீட்டுத் தொகை ஆகியவற்றை அதன் நெற்றியில் மஞ்சள் பட்டை அடித்துக் கறுப்பில் எழுதியிருக்கிறார்கள். தொகையின் கடைசி இலக்கங்கள் மழையில் அழிந்துவிட்டன. நிழற்குடை தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் சட்டம் இயற்றத்தான் ஒருவரைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறோம். அந்த வேலையை அவர் எப்படிச் செய்தார் என்பதற்கு எங்களிடம் ஒரு வரிகூட இல்லை. வாக்களிப்புப் பதிவை எங்கே, எந்த வடிவில் பெறலாம் என்று தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

குன்னூர், முன்னாள் செய்தியாளர்:

மதிப்பிற்குரிய ஐயா, நீங்கள் தேடும் ஆவணம் பெரும்பாலும் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் பேரவையில் மசோதாக்கள் ஏறத்தாழ எல்லாமே குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகின்றன. ஏற்போர் ‘ஆம்’ என்றும் மறுப்போர் ‘இல்லை’ என்றும் குரல் கொடுக்க, எந்தப் பக்கம் அதிகம் என்பதைப் பேரவைத் தலைவர் அறிவித்துவிடுகிறார். 234 பேரில் யார் எந்தக் குரல் கொடுத்தார் என்பது எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. தலைகளை எண்ணும் வாக்கெடுப்பு எப்போதாவதுதான் நடக்கும். 2017 பிப்ரவரி 18 அன்று நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பு அப்படிப்பட்டது. தி.மு.க. உறுப்பினர்கள் வெளியேற்றப்பட்ட பிறகு, மற்றவர்களைப் பகுதி பகுதியாக எழுந்து நிற்கச் சொல்லி எண்ணினார்கள். அரசுக்கு ஆதரவாக 122, எதிராக 11.

மக்களவையில் நிலைமை சற்று மேல். அரசியலமைப்புத் திருத்தம் என்றால் எண்ணியே ஆக வேண்டும் என்பதால், 2023 செப்டம்பரில் மகளிர் இடஒதுக்கீட்டு மசோதாவுக்கு ஆதரவாக 454 பேரும் எதிராக 2 பேரும் வாக்களித்தது பதிவில் இருக்கிறது. அரசியலமைப்புத் திருத்தம் அல்லாத வக்ஃபு திருத்த மசோதா 2025 ஏப்ரலில் 288க்கு 232 என்று நிறைவேறியதும் பதிவில் இருக்கிறது. ஆனால் நம் மலைக்கு மிக நெருக்கமான வனப் பாதுகாப்புச் சட்டத் திருத்தம் 2023 ஜூலை 26 அன்று மக்களவையில் குரல் வாக்கெடுப்பில்தான் நிறைவேறியது. காட்டு நிலத்தின் எதிர்காலத்தைத் தொடும் சட்டத்தில் எந்த உறுப்பினர் எந்தப் பக்கம் நின்றார் என்பதற்கு வாக்குப் பட்டியல் இல்லை என்பது எனக்கு இன்றும் வருத்தமளிக்கிறது.

இன்னொன்றையும் கையேட்டில் அவசியம் விளக்க வேண்டும். 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கொறடாவின், அதாவது எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சியின் சார்பில் அறிவுறுத்துபவரின், உத்தரவை மீறி வாக்களிப்பவரையோ வாக்களிக்காமல் விலகி நிற்பவரையோ அவருடைய கட்சி 15 நாட்களுக்குள் மன்னிக்காவிட்டால், அவர் பதவியை இழக்க நேரிடும். ஆகவே வாக்குப் பதிவாகியிருந்தாலும் அது கட்சியின் முடிவைத்தான் பெரும்பாலும் காட்டும். உங்கள் தொகுதிக்கு இதில் தனி இடம் உண்டு. 2021இல் குன்னூரில் வென்ற கா. ராமச்சந்திரன் வனத்துறை அமைச்சராகவும் பின்னர் சுற்றுலாத் துறை அமைச்சராகவும் இருந்து, 2024இல் அரசு தலைமைக் கொறடா ஆனார். ஆளுங்கட்சியின் மற்ற உறுப்பினர்கள் எப்படி வாக்களிக்க வேண்டும் என்ற உத்தரவை அனுப்பும் பொறுப்பு அது. அவருடைய வாக்கைத் தனியே ஆராய்வதில் பொருளில்லை. துறைப் பொறுப்பில் இருந்தபோது மலை மாவட்டத்துக்காக அவர் வெளியிட்ட அறிவிப்புகளையும் அவற்றின் நிலையையும் பாருங்கள்.

வாக்குக்குப் பதிலாகப் பார்க்கத்தக்கவை உரையும் வெளிநடப்பும். வேலை நேரத்தை 12 மணி நேரம் வரை நீட்டிக்க வழிவகுத்த தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் 2023 ஏப்ரல் 21 அன்று குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியபோது, இடதுசாரிகள் உள்ளிட்ட, அப்போது ஆண்ட தி.மு.க.வின் கூட்டணிக் கட்சியினரே வெளிநடப்பு செய்தார்கள். மே தினத்தன்று முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். நம் தேயிலைத் தொழிற்சாலைகளில் இரவுப் பணியில் நிற்பவர்களையும் தொட்டிருக்கக்கூடிய சட்டம் அது. அதன் மீது யார் என்ன பேசினார்கள் என்பது பேரவை நடவடிக்கைக் குறிப்பில் இருக்கும்.

கூடலூர் வாசி:

முன்னாள் செய்தியாளர் ஐயா சொன்னதை ஏற்கிறேன். இருந்தாலும் வாக்குப் பதிவு இல்லை என்பதோடு சட்டம் பற்றிய பேச்சை முடித்துவிடக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் பகுதியைப் பாருங்கள். 1969ஆம் ஆண்டின் கூடலூர் ஜென்மம் நிலச் சட்டம் 1974இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 17ஆவது பிரிவின் கீழ் வரும் குத்தகை நிலங்களின் வழக்கு பல பத்தாண்டுகளாகத் தொடர்கிறது. இந்தச் சட்டம், நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாதபடி சட்டங்களுக்குப் பாதுகாப்புத் தரும் அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் சேர்க்கப்பட்டதை எதிர்த்த வழக்கில்தான், 1973 ஏப்ரல் 24க்குப் பிறகு அந்த அட்டவணையில் சேர்க்கப்பட்ட சட்டங்களும் நீதிமன்ற ஆய்வுக்கு உட்பட்டவையே என்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2007 ஜனவரியில் தீர்ப்பளித்தது. நாடெங்கும் சட்டக் கல்லூரிகளில் படிக்கும் தீர்ப்பு எங்கள் மண்ணிலிருந்து போனது. ஆனால் அந்த மண்ணில் குடியிருப்பவருக்கு இன்னும் பட்டா இல்லை.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் வழிவந்தது. வீட்டு வரி ரசீது இருக்கிறது, ரேஷன் அட்டை இருக்கிறது, வாக்காளர் அட்டை இருக்கிறது. மின் இணைப்புக்கு மட்டும் நிலத்தின் வகை தடையாக நிற்கிறது. பகலில் முற்றத்துக் கயிற்றில் சூரிய விளக்கைத் தொங்கவிட்டு, மாலையில் அதை எடுத்துவந்து அதனடியில் பிள்ளைகள் படிக்கிறார்கள். தொடர்மழைக் காலத்தில் அதுவும் எட்டு மணிக்குள் மங்கிவிடும். தொகுதி நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். அதை முழுவதும் செலவிட்டாலும் இந்த வீட்டுக்கு விளக்கு வராது. இதற்குச் சட்டமோ அரசாணையோதான் தீர்வு.

ஆளுங்கட்சி உறுப்பினர் இல்லாததால்தான் ஒன்றும் நடக்கவில்லை என்று எங்கள் ஊரில் சொல்வதுண்டு. 2011, 2016, 2021 ஆகிய மூன்று தேர்தல்களிலும் கூடலூர் எதிர்க்கட்சி உறுப்பினரைத்தான் அனுப்பியது என்பது உண்மை. முதல் இரண்டு முறை தி.மு.க., மூன்றாம் முறை அ.தி.மு.க. ஆனால் கேள்வி கேட்பதும், கவன ஈர்ப்புக் கொண்டுவருவதும், வருவாய்த் துறை மானியக் கோரிக்கையில் வெட்டுத் தீர்மானம் (துறைக்குக் கேட்கும் நிதியைக் குறைக்கக் கோரும் தீர்மானம்) கொடுத்துப் பேசுவதும் எதிர்க்கட்சி உறுப்பினரின் கையில் உள்ள கருவிகள். அவற்றை எத்தனை முறை 17ஆவது பிரிவுக்காகப் பயன்படுத்தினார் என்பதையே நான் ஓர் உறுப்பினரின் பதிவாக எடுத்துக்கொள்வேன். கோத்தகிரி நண்பர்களும் தங்கள் கையேட்டில் அவையில் பேசியதற்கே முதலிடம் தர வேண்டும்.

மேல்மலை, கொடைக்கானல்:

கூடலூர் அன்பரின் கருத்தை மதிக்கிறேன், ஆனால் முழுவதும் உடன்பட இயலவில்லை. கொடைக்கானல் பழனி தொகுதிக்குள் வருகிறது. மன்னவனூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் மனு கொடுக்கப் பழனிக்குப் போக வேண்டுமானால், கொடைக்கானல் வந்துசேர்ந்த பிறகும் அறுபது கிலோமீட்டருக்கு மேல் மலையிறங்க வேண்டும். ஒருநாள் கூலி போய்விடும். உறுப்பினர் மாதத்தில் ஒருநாளாவது மேல்மலைக்கு வந்து மனு வாங்குகிறாரா, வாங்கிய மனுவுக்கு எண் தருகிறாரா, துறைக்கு அனுப்பிய கடிதத்தின் நகல் நமக்குக் கிடைக்கிறதா என்பவை எங்களுக்குச் சிறிய விஷயங்கள் அல்ல. அவையில் அருமையாகப் பேசிவிட்டு, பூண்டு அறுவடைக் காலத்தில் மண்சரிந்து சாலை அடைபட்டபோது தொலைபேசியை எடுக்காதவரை நல்ல உறுப்பினர் என்று எங்களால் சொல்ல முடியாது.

மேலும், சில நிலைப்பாடுகள் அவைக்கு வெளியில்தான் தெரியவரும். உங்கள் மாவட்டத்துக்கும் எங்கள் ஊருக்கும் வரும் சுற்றுலா வாகனங்களுக்கான இ-பாஸ் நடைமுறை 2024 மே 7 முதல் வந்தது உயர் நீதிமன்ற உத்தரவால். பேரவையில் வாக்கெடுப்பு ஏதும் இல்லை. அதைப் பற்றி உறுப்பினர் விடுதி உரிமையாளர்களிடம் ஒன்றும் விவசாயிகளிடம் வேறொன்றும் பேசினாரா என்பதை அன்றன்றைய பத்திரிகைச் செய்திகளிலிருந்துதான் எடுக்க முடியும். அதற்கும் கையேட்டில் இடம் கொடுங்கள்.

உதகை, சட்ட மாணவி:

கோத்தகிரி ஐயாவுக்கு வணக்கம். உறுப்பினர் அவையில் எழுப்பிய கேள்விகளைத் தேடும்போது எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல் விடையையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மக்களவை உறுப்பினர்களின் வருகை, கேள்விகள், விவாதங்கள், தனிநபர் மசோதாக்கள் ஆகியவற்றை பி.ஆர்.எஸ். என்ற ஆய்வு அமைப்பு தொகுத்து வெளியிடுகிறது. அந்தப் பட்டியலில் அமைச்சர்கள் சேர்வதில்லை, ஏனெனில் அவர்கள் கேள்வி கேட்பதில்லை, பதில் சொல்கிறார்கள். உங்கள் தொகுதியிலும் அமைச்சராக இருந்த ஆண்டுகளில் கேள்வி எதுவும் இல்லையென்றால், அதை வைத்து அவரைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமாகாது.

விடையில் வரும் ‘அரசின் பரிசீலனையில் உள்ளது’ என்ற தொடரைப் பார்த்து நம்மில் பலர் கைவிட்டுவிடுகிறோம். மக்களவை நடைமுறையில் அந்தச் சொற்களே அரசு தந்த உறுதிமொழியாகக் கணக்கில் ஏறுகின்றன. மூன்று மாதத்துக்குள் அதை நிறைவேற்ற வேண்டும் என்பது பொது விதி, நிறைவேறாவிட்டால் உறுதிமொழிக் குழு துறையிடம் விளக்கம் கேட்கும். நம் பேரவையிலும் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. உறுப்பினர் ஒரு கேள்வியைக் கேட்டுப் பத்திரிகையில் பெயர் வந்ததோடு விட்டுவிட்டாரா, அதே கேள்வியை அடுத்த கூட்டத்தொடரிலும் எழுப்பிக் குழு வரை கொண்டுபோனாரா என்ற வேறுபாட்டை உங்கள் கையேடு காட்டினால், அதுவே வாக்குப் பதிவைவிடக் கூடுதலான தகவலாகும்.

யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதையும் பிரித்துக் காட்டுங்கள். தேயிலை வாரியம் மத்திய வணிக அமைச்சகத்தின் கீழ் வருவதால் பசுந்தேயிலை விலை பற்றிய கேள்வி மக்களவை உறுப்பினருக்கு உரியது. நீலகிரி மக்களவைத் தொகுதியில் மேட்டுப்பாளையமும் அவிநாசியும் பவானிசாகரும் சேர்ந்திருப்பதால், மலையின் குரல் அங்கே பாதி அளவுக்குத்தான் எட்டுகிறது. அதனாலேயே அதிகம் கேட்க வேண்டியிருக்கிறது. டேன்டீ எனப்படும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமும் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளும் மாநில அரசின் பொறுப்பு என்பதால் அவற்றைச் சட்டமன்ற உறுப்பினரிடம்தான் கேட்க வேண்டும். பெரிய திட்டங்களில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று எழுதும்போது நிதானம் தேவை. உதகை அரசு மருத்துவக் கல்லூரியை மற்ற பத்துக் கல்லூரிகளோடு சேர்த்து 2022 ஜனவரியில் பிரதமர் தொடங்கிவைத்தார், புதிய மருத்துவமனையை 2025 ஏப்ரலில் முதலமைச்சர் திறந்துவைத்தார். கல்லூரிக்கான அனுமதியோ முந்தைய ஆட்சிக் காலத்தில் வந்தது. அதை எந்த ஒரு தொகுதி உறுப்பினரின் கணக்கிலும் முழுதாக எழுத முடியாது.

அழிந்துபோன நிழற்குடைத் தொகைக்கு, மாவட்ட ஊரக வளர்ச்சி முகமைக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பியுங்கள். பணியைப் பரிந்துரைப்பவர் உறுப்பினர், நிர்வாக அனுமதி தருபவர் ஆட்சியர். ஆகவே அனுமதி பெற்ற பணிகளோடு, பரிந்துரைத்தும் அனுமதி கிடைக்காத பணிகளின் பட்டியலையும் ஆண்டுவாரியாகக் கேட்பது நல்லது.

கோத்தகிரி தேயிலை விவசாயி:

அனைவருக்கும் நன்றி. வாக்களிப்புக்கென்று ஒதுக்கியிருந்த பகுதியை, குரல் வாக்கெடுப்பு பற்றியும் கொறடா உத்தரவு பற்றியும் இரண்டு பக்க விளக்கமாக மாற்றிக்கொள்கிறோம். கேள்விகளையும் விடைகளையும் பேரவை நடவடிக்கைக் குறிப்பிலிருந்து எடுக்கும் பொறுப்பை வாசகர் வட்டத்தின் கல்லூரி மாணவர்கள் ஏற்றிருக்கிறார்கள். கொடைக்கானல் அன்பர் சொன்னபடி, மனு கொடுத்தவர்களிடம் மனு எண்ணையும் கிடைத்த பதிலையும் ஊர் ஊராகச் சென்று கேட்டுக் குறித்துக்கொள்வோம். பதில் கிடைக்காதவர்களின் பெயரை வெளியிடாமல் ஊரின் பெயரை மட்டும் போடலாம் என்று நினைக்கிறோம்.

கூடலூர் அன்பருக்கு ஒரு வேண்டுகோள். 17ஆவது பிரிவு நிலம் பற்றிப் பேரவையில் எழுப்பப்பட்ட கேள்விகளின் எண்ணும் நாளும் உங்களிடம் இருந்தால் இங்கே பதியுங்கள். எங்கள் தொகுதிக்கு நேரடியாகத் தொடர்பில்லாவிட்டாலும், மாவட்டத்தின் மூன்று தொகுதி உறுப்பினர்களில் யாரெல்லாம் அதைப் பற்றிப் பேசினார்கள் என்பதைச் சேர்க்க விரும்புகிறோம்.