மீனா அத்தையின் ரிப்போர்ட்: ‘பெரிய வீடு’ குழுவில் ஒரு சனிக்கிழமை

செல்வம்: ரிப்போர்ட் வந்துவிட்டது. டாக்டர் சந்தேகப்பட்ட மாதிரியே மயஸ்தீனியா கிரேவிஸ்தான், தசை தளர்ந்துபோகும் நோய். மாத்திரை ஆரம்பித்தாயிற்று. பயப்பட வேண்டாம், கவனமாக இருந்தால் போதும் என்றார். ஒவ்வொருவராகப் போன் செய்ததில் பேசிப் பேசியே மீனாவுக்கு நாக்கு குழறுகிறது. கேட்க வேண்டியதை இங்கேயே கேளுங்கள்.

சுந்தரி: அண்ணி, பேசவே வேண்டாம். டைப் பண்ணுங்கள்.

கார்த்திக்: [படம்]
அசிடைல்கோலின் ரிசெப்டர் ஆன்டிபாடி, பாசிட்டிவ் என்று போட்டிருக்கிறது. யாழினி, இதற்கு என்ன அர்த்தம்?

ராமலிங்கம்: நரம்புத் தளர்ச்சி என்று நான் அப்போதே சொன்னேன்.

ராமலிங்கம்: [பலமுறை ஃபார்வர்டு ஆன செய்தி] தளர்ந்த நரம்புகளை முறுக்கேற்றும் அற்புத மூலிகை! மறைக்கப்பட்ட ரகசியம்!

யாழினி: அப்பா, அதை முதலில் டெலிட் பண்ணுங்கள். அத்தைக்கு நரம்பு நன்றாக இருக்கிறது. தசையும் நன்றாகத்தான் இருந்தது. இரண்டும் சந்திக்கிற இடத்தில்தான் சிக்கல். கிளாஸ் முடிந்துவிட்டது, உட்கார்ந்து எழுதுகிறேன்.

யாழினி: நரம்பு நுனி தசையைத் தொடுவதில்லை. ஒரு மில்லிமீட்டரை இருபதாயிரம் கூறு போட்டால் ஒரு கூறு எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவு இடைவெளி நடுவில் இருக்கிறது. நரம்பில் வரும் மின் துடிப்பு அதைத் தாண்டாது. அதனால் நுனியில் இருக்கும் குட்டிப் பைகள் திறந்து அசிடைல்கோலின் என்ற ரசாயனத்தைக் கொட்டும். எதிரே தசைச் சவ்வில் பூட்டிய கதவுகள் வரிசையாக இருக்கும். அவைதான் ரிசெப்டர்கள். ஒரு கதவுக்கு இரண்டு சாவி வேண்டும், அதாவது இரண்டு அசிடைல்கோலின் மூலக்கூறுகள் வந்து ஒட்ட வேண்டும். ஒட்டியதும் ஒரு மில்லி செகண்டு அளவுக்குத்தான் திறக்கும். அதற்குள் ஆயிரக்கணக்கான சோடியம் அயனிகள் உள்ளே பாய்ந்துவிடும். தசை சுருங்கும்.

கார்த்திக்: சரி, ஆன்டிபாடி?

யாழினி: கிருமியைப் பிடிக்க வேண்டிய ஆன்டிபாடி இந்தக் கதவுகளைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சில கதவுகளில் சாவித் துவாரத்தை அடைக்கிறது. இன்னும் சிலவற்றை இரண்டிரண்டாகப் பிணைத்துவிட, செல் அவற்றை உள்ளே இழுத்து அழித்துவிடுகிறது. அந்த இடத்துச் சவ்வே சிதைவதும் உண்டு. மொத்தத்தில் கதவு குறைந்துவிட்டது.

சுந்தரி: காலையில் பார்த்தால் அண்ணிக்குக் கண் நன்றாகத் திறக்கிறது. ராத்திரி சீரியல் நேரத்தில் இமை பாதிக் கண்ணை மூடிவிடுகிறது. காலையில் இருக்கிற கதவு ராத்திரி எங்கே போகும்?

யாழினி: நல்ல கேள்வி சித்தி. என் மாணவர்கள்கூட இதைக் கேட்பதில்லை. கதவு போவதில்லை, சாவிதான் குறைகிறது. ஒரு நரம்பு தொடர்ந்து வேலை செய்யும்போது ஒவ்வொரு தடவையும் கொட்டுகிற அசிடைல்கோலின் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். நமக்கும் அப்படித்தான். ஆனால் நமக்குக் கதவுகள் தேவைக்கு மேல் இருப்பதால் தெரிவதில்லை. அத்தைக்கு அந்த உபரி இல்லை. அதனால் உழைக்க உழைக்கத் தளரும், ஓய்வெடுத்தால் தேறும். மாமா, கையில் ஷாக் மாதிரி வைத்துப் பார்த்தார்களே, அதுவும் இதற்குத்தான். நரம்பை நொடிக்கு 3 தடவை தூண்டி, தசையின் பதில் 10 சதவீதத்துக்கு மேல் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள்.

மீனாட்சி: தலை பின்னும்போது பாதியில் கை தானாக இறங்கிவிடும். முறுக்கு முதல் துண்டை நன்றாகக் கடிப்பேன், நாலாவது துண்டுக்குத் தாடை ஒத்துழைக்காது. இதைத்தான் எல்லோரும் சோம்பல் என்றீர்கள்.

செல்வம்: நான் சொல்லவில்லை.

மீனாட்சி: நீங்கள்தான் முதலில் சொன்னது.

ராமலிங்கம்: நல்ல பாம்பு கடித்தாலும் முதலில் இமைதான் சொருகும். அப்புறம் பேச்சு குழறும். நம் தோப்பில் வேலை பார்த்தவருக்கு அப்படி ஆகி நானே தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். அதே மாதிரி இருக்கிறதே.

யாழினி: அப்பா, நீங்கள் சொன்னது அச்சு அசலாகச் சரி. நல்ல பாம்பு விஷத்தில் இருக்கும் ஒரு புரதம் இதே கதவின் சாவித் துவாரத்தில்தான் போய் உட்காரும். பாம்பு சில மணி நேரத்தில் செய்வதை ஆன்டிபாடி மாதக்கணக்கில் செய்கிறது. அதனால்தான் பாம்புக் கடிக்கு விஷமுறிவு மருந்தோடு நியோஸ்டிக்மின் ஊசியும் போடுகிறார்கள். அத்தை சாப்பிடும் மாத்திரை அதன் உறவுக்காரன்தான்.

யாழினி: இன்னொன்று. இந்த நோய்க்கே துப்புக் கொடுத்தது பாம்பும் மீனும்தான். தைவானில் ஒரு கட்டுவிரியன் விஷத்திலிருந்து 1963ல் சாங், லீ என்ற இருவர் ஒரு புரதத்தைப் பிரித்தார்கள். அது இந்த ரிசெப்டரைப் பிடித்தால் லேசில் விடாது. அதன்மேல் கதிரியக்க அடையாளம் ஏற்றிவிட்டால் ஒரு தசையில் எத்தனை ரிசெப்டர் என்று எண்ணிவிடலாம். 1973ல் ஃபாம்ப்ரோ, டிராக்மேன், சத்தியமூர்த்தி மூவரும் நோயாளிகளின் தசையில் எண்ணிப் பார்த்தார்கள். மிகவும் குறைவாக இருந்தது. அதே வருஷம் பேட்ரிக், லிண்ட்ஸ்ட்ராம் இருவரும் மின்சார விலாங்கு மீனின் ரிசெப்டரை முயல்களுக்கு ஊசியாகப் போட்டார்கள். அதற்கு எதிராக ஆன்டிபாடி தயாரிக்க வைப்பதுதான் திட்டம். முயல்கள் தயாரித்தன, ஆனால் கழுத்துத் துவண்டு விழுந்துவிட்டன. மீனுக்கு எதிரான ஆன்டிபாடி தன் சொந்தத் தசையையும் பிடித்துவிட்டது.

சுந்தரி: பாவம் முயல்.

கார்த்திக்: அந்த சத்தியமூர்த்தி நம் ஆளா?

யாழினி: பெயரைப் பார்த்தால் நம் பக்கத்துப் பெயர்தான். அதற்கு மேல் கேட்காதே.

ராமலிங்கம்: இது மூளைக்கு ஏறுமா?

யாழினி: ஏறாது அப்பா. மூளையில் இருக்கும் ரிசெப்டரின் அமைப்பு வேறு, இந்த ஆன்டிபாடி அதைத் தொடாது. நினைவு, உணர்ச்சி எதுவும் குறையாது. மூளையிலும் இப்படிச் சாவி வந்து ஒட்டினால் திறக்கும் வேறு கதவுகள் உண்டு. நீங்கள் போடும் தூக்க மாத்திரை வேலை செய்வதே அப்படி ஒன்றில்தான். காபா என்ற பொருள் வந்து ஒட்டியதும் அது திறந்து குளோரைடை உள்ளே விடும், செல் அடங்கும். மாத்திரை அந்தத் திறப்பை அடிக்கடி நடக்க வைக்கிறது. அத்தைக்குத் தூக்கம் வரவில்லை என்று அதை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். மூச்சுத் தசையும் தளர்ந்திருக்கிறவர்களுக்கு அது ஆபத்து.

ராமலிங்கம்: நான் ஏன் கொடுக்கப் போகிறேன்.

மீனாட்சி: போன வாரம் நீட்டினீர்களே அண்ணா.

கார்த்திக்: மாத்திரை சாப்பிட்டால் கதவு திரும்ப வந்துவிடுமா?

யாழினி: வராது. பைரிடோஸ்டிக்மின் கதவைத் தொடுவதே இல்லை. கொட்டிய அசிடைல்கோலினை உடனே சிதைக்க ஒரு நொதி இருக்கிறது, அதைத் தடுக்கிறது. சாவிகள் கூடுதல் நேரம் தங்குவதால் மிச்சமிருக்கும் கதவுகளாவது திறக்கும். 1934ல் லண்டனில் மேரி வாக்கர் என்ற டாக்டர் இதே வகை மருந்தை ஊசியாகப் போட்டுப் பார்த்தார், சொருகிய இமை எழுந்தது. ஆன்டிபாடியைக் குறைக்க ஸ்டீராய்டு போன்றவை தனி. மார்புச் சிடி ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருப்பார்களே? தைமஸ் சுரப்பியில் கட்டி இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. அதைத் தள்ளிப்போடாதீர்கள் மாமா.

செல்வம்: திங்கட்கிழமை சிடி. மெடிக்கல் ஷாப்பில் வழக்கமாக வாங்கும் மாத்திரைகளை வாங்கலாமா?

யாழினி: நீங்களாக எதுவும் வாங்காதீர்கள். சளிக்குச் சும்மா கொடுத்துவிடுகிற அசித்ரோமைசின், சிப்ரோஃப்ளாக்சசின் இரண்டும் இந்த இடத்தை இன்னும் பலவீனமாக்கும். சில பிரஷர் மாத்திரைகளும் அப்படித்தான். பல் பிடுங்கப் போனாலும் நோயின் பெயரைச் சொல்லிவிடுங்கள். விழுங்கும்போது புரை ஏறினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ காலை வரை காத்திருக்கக் கூடாது. அன்று ராத்திரியே ஆஸ்பத்திரி.

கார்த்திக்: மூச்சு விஷயத்தை அப்பா பின் பண்ணி வையுங்கள். எல்லோரும் பார்க்கட்டும்.

செல்வம்: பண்ணிவிட்டேன். மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று சீட்டில் புரியவில்லை.

யாழினி: டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பொதுவாகச் சாப்பிடுவதற்கு அரை மணி, முக்கால் மணி முன்னால் போடச் சொல்வார்கள். மெல்லவும் விழுங்கவும் பலம் அப்போதுதான் இருக்கும். வேலை செய்வது மூன்று நான்கு மணி நேரம். வயிறு கடமுட என்றால் பயப்பட வேண்டாம், குடலிலும் அசிடைல்கோலின் கூடுகிறது. ஆனால் வேகமாகப் பலன் வேண்டும் என்று அத்தை தானாக ஒரு மாத்திரை கூட்டக் கூடாது. அளவு மிஞ்சினாலும் தசை தளரும்.

மீனாட்சி: ஞாயிற்றுக்கிழமை வருகிறீர்கள்தானே? சுந்தரி, எனக்கு அடை வேண்டாம், மெல்ல முடியாது. இடியாப்பம் போடு. பன்னிரண்டு மணிக்கு மாத்திரை போட்டுக்கொள்கிறேன்.

சுந்தரி: தேங்காய்ப்பாலும் எடுத்து வைக்கிறேன் அண்ணி.

ராமலிங்கம்: எனக்கு அடை உண்டுதானே?