மறு: தோள் தசைநாண் ஒட்ட உதவும் சிகிச்சைகள் – "ஒட்டூக்கி" எனலாமா?

வணக்கம் ஐயா, அக்கா. தோளில் கிழிந்த தசைநாணை (தசையை எலும்போடு இணைக்கும் நார்) தைத்தபின் அது எலும்பில் ஒட்ட உதவும் சிகிச்சைகளை ஆங்கிலத்தில் biological augmentation என்கிறார்கள், அதற்குத்தான் தமிழ்ச் சொல் தேடுகிறோம். ஐயா எழுதியது:

> "உயிரியல் பெருக்கம்" என்றே வைத்துவிடலாமே.

வேண்டாம் ஐயா. பெருக்கம் என்றதும் பிள்ளைகளுக்கு பாக்டீரியா பெருகுவதுதான் நினைவுக்கு வரும். அக்கா சொன்ன "மீட்டுருவாக்கம்" கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நடப்பது அதுவல்ல. தசைநாண் எலும்பில் சேரும் இடம் நான்கு அடுக்கு: நாண், நார்க்குருத்தெலும்பு (நார் மிகுந்த மென்மையான எலும்பு போன்ற திசு), சுண்ணம் ஏறிய நார்க்குருத்தெலும்பு, எலும்பு. கிழிந்ததை இழுத்துத் தைத்த பிறகு அந்த அடுக்குகள் பழையபடி திரும்புவதில்லை, வடுத்திசுதான் வந்து மூடுகிறது, அதற்கு வலு குறைவு. நன்றாகத் தைத்தும் சிலருக்கு மறுபடி கிழிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அப்பா குடியாத்தத்தில் தறிக்காரர். போன வருடம் வலது தோளில் "ஜவ்வு" தைத்தார்கள், தசைநாணைத்தான் அப்படிச் சொல்வார். "தைச்சாச்சு இல்ல, அப்புறம் எதுக்குக் கையக் கட்டி வச்சிருக்கீங்க?" என்று ஆறு வாரமும் நச்சரித்தார். ஒருநாள் கொல்லையில் இருந்த ஒட்டு மாங்கன்றைக் காட்டி, கட்டின நாடாவா ஒட்டுச்சு என்று கேட்டேன். இடது கையால் அந்த நாடாவைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஒட்டுப் புடிக்கணும், ஆமா" என்றார்.

நமக்கு வேண்டிய சொல் அதில் இருக்கிறது. "நாண்பிடிப்பு" என்று முதலில் எழுதி அடித்துவிட்டேன், தசைப்பிடிப்போடு குழம்பும். வினையூக்கி பள்ளிப் புத்தகத்தில் பழகிய சொல், அதே அச்சில் ஒட்டூக்கி. நோயாளியின் ரத்தத்தையே சுழற்றிப் பிரித்து எடுக்கும் தட்டணு (பிளேட்லெட்) செறிவூட்டிய பிளாஸ்மா ஓர் ஒட்டூக்கி. மாட்டுத் தசைநாணின் கொலாஜன் என்ற புரதத்தில் செய்து மேலே பரப்பித் தைக்கும் ஒட்டுத்துண்டு இன்னொன்று (தோலில் நிறைந்திருப்பதும் கொலாஜன்தான், தோல் பதனிடும் ராணிப்பேட்டைப் பக்கத்தவர்களுக்குச் சட்டெனப் புரியும்). பிளாஸ்மா பற்றிய ஆய்வுகள் எல்லாம் ஒரே முடிவைச் சொல்லவில்லை, அதனாலும் "ஊக்கி" போதும், குணமாக்கி என்ற பொருள் வரக் கூடாது.

பசை என்று நினைத்துவிடுவார்களோ என்று அக்கா கேட்டது நியாயம்தான். "நாணொட்டூக்கி" என்று நீட்டினால் அந்தக் குழப்பம் தீரும், வாயில்தான் நுழையாது. முதல் முறை மட்டும் நீட்டி எழுதலாம்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. நாண் ஒட்ட உதவும் என்று மேற்கை எலும்பின் மேல்முனையில் சிறு துளைகள் போட்டு மஜ்ஜை ரத்தத்தைக் கசியவிடுகிறார்களே, அது பொருள் இல்லை, செயல். "மஜ்ஜைக்கசிவு" என்றால் நோய் போல இருக்கிறது. "மஜ்ஜைத் துளையிடல்" சரியா ஐயா?