இரண்டு மாறிகளை ஒரே நிறத்தில் காட்டும் படம்: "ஊடுபாவு நிறப்படம்" சரிவருமா?

வணக்கம்ங்க. மழை, நீர்மட்டம் போன்ற இரண்டு மாறிகளுக்கு ஆளுக்கொரு நிறம் கொடுத்து, இரண்டையும் கலந்து ஊர்வாரியாகக் காட்டும் நிலப்படத்துக்கு "ஊடுபாவு நிறப்படம்" என்ற பெயரை முன்வைத்திருந்தேன். அதற்கு வந்த கேள்வி இது:

> "இருமாறி நிற நிலப்படம்" என்றே வைத்துக்கொள்ளலாமே?

தப்பில்லைங்க. ஆனால் மாறிகள் இரண்டு என்பதற்கு மேல் அந்தப் பெயர் எதுவும் சொல்லவில்லை. இரண்டு நிறமும் கலந்து மூன்றாவதாக ஒன்று தெரிவதுதான் இந்தப் படத்துக்கு உயிர், அது பெயரிலேயே வர வேண்டும் என்பது என் ஆசை.

சென்னிமலையில் எங்கள் சித்தப்பா தறியில் நீலப் பாவில் (நீளவாக்கு நூல்) சிவப்பு ஊடை (குறுக்கு நூல்) ஓட்டுவார். துணி ஊதாவாகத் தெரியும், மடிப்பை வெயிலில் திருப்பினால் ஒரு பக்கம் நீலம் தூக்கும், மறுபக்கம் சிவப்பு. மயில்கழுத்து நிறம் வருவதும் இப்படித்தான். போன வாரம் நான் வரைந்த படத்தில் மழைக்கு நீலம், கிணற்று நீர்மட்டத்துக்குச் சிவப்பு, இரண்டிலும் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று மும்மூன்று படி, மொத்தம் 9 நிறம். ஆனைமலை அடிவாரம் நல்ல அடர் ஊதா, காங்கேயம் பக்கத்து மானாவாரிக் காடுகள் வெளிறிக் கிடக்கின்றன, ஆனால் அங்கேயே பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால் பாயும் ஊர்கள் மட்டும் சிவப்பு. மழை இல்லாமலே கிணறு ஊறுகிறது! தனித்தனியாக இரண்டு படம் போட்டிருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

ஒற்றை மாறியைப் பகுதிவாரியாக நிறமிட்டுக் காட்டும் படத்துக்கு ஆங்கிலத்தில் புழங்கும் "கோரோப்ளெத்" என்ற சொல் கூட 1938இல் அமெரிக்கப் புவியியலாளர் ஜான் கிர்ட்லண்ட் ரைட் கிரேக்கத்திலிருந்து எடுத்து ஆக்கியதுதான். படம் அதற்கு முன்பே இருந்தது, பிரான்சின் எழுத்தறிவை ஷார்ல் துபேன் 1826இலேயே இப்படி வரைந்துவிட்டார். நமக்குத் தறியே இருக்கும்போது கிரேக்கம் எதற்கு?

---

அண்ணா, சொல் பிடித்திருக்கிறது. முதலில் "ஊடுநிறப்படம்" என்று சுருக்கலாமா என்று பார்த்தேன், ஊடுகதிர் (எக்ஸ்-ரே) நினைவுக்கு வந்து குழப்புகிறது. அதனால் "பாவு" என்பதை விடக்கூடாது. ஒன்று மட்டும்: 1970களில் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை இந்த வகைப் படங்களை வெளியிட்டபோது, படிக்கவே முடியவில்லை என்று நிறையப் பேர் குறைப்பட்டார்கள். 4 படி வைத்தாலே 16 நிறம் ஆகிவிடும், கண் தடுமாறும். ஆகவே எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்று காட்டும் விளக்கக் கட்டத்துக்கும் பெயர் வேண்டும், அது இல்லாமல் படத்தைப் படிக்க முடியாது. அந்தக் கட்டத்தின் செங்குத்து அச்சில் வருவதைப் "பாவு மாறி" என்றும், கிடை அச்சில் வருவதை "ஊடை மாறி" என்றும் சொல்லலாமா?

---

சொல்லலாம்ங்க. பாவு நீளவாக்கில்தானே ஓடுகிறது, பொருத்தமாகவே இருக்கிறது. கட்டத்துக்கு "நிறக்கட்டம்" போதும். அப்புறம் என் படத்தில் மழை கிடை அச்சில் இருக்கிறது, பாவு நீலம் என்று மேலே சொன்னதோடு ஒத்துப்போக அதைத் திருப்பிப் போட்டு நாளை அனுப்புகிறேன்.